ஆளில்லையா, வண்டியில்லையா?

அண்மையில் ஒரு வழக்கு அலுவலாகக் கொழும்பு சென்றிருந்த வேளை, போக்குவரத்து விடயங்களில் ஓரளவு செல்வாக்குள்ள உத்தியோகத்தர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், காலையிலும் மாலையிலும், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் உள்ளூர்ப் புகையிரதங்கள் நிரந்தரமாக ஓடவேண்டும் என்ற கோரிக்கையை அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் எம்மை மரியாதையாகவே நடத்தினார், தேநீரும் தந்தார். ஆனால் விடை சொல்ல அவருக்கு அரை நிமிடமும் தேவைப்படவில்லை. “இங்கே படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே ஏறுவதற்கு ஆளில்லையே!” என்றார்.

ஆளில்லை என்ற இந்த ஒரு சொல்லையே ஈண்டு விசாரிக்க எண்ணுகின்றோம். நீதிமன்றத்தில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதற்குச் சான்று என்ன என்று கேட்பதும், சான்றைக் காட்டினால் அது எங்ஙனம் திரட்டப்பட்டது என்று கேட்பதும் எமது தொழில். அந்தப் பழக்கத்தை அரசாங்கக் கந்தோரின் வாசலோடு விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

முதலில் கொழும்பின் நிலையைச் சொல்லிவிடுவோம். அதை நாம் மறுக்கவுமில்லை, அதன்மேல் எமக்குப் பொறாமையுமில்லை. கரையோரப் பாதையில் அளுத்கமை, பாணந்துறை, மொறட்டுவைப் பக்கமிருந்தும், பிரதான பாதையில் வெயாங்கொடை, கம்பகா, றாகமைப் பக்கமிருந்தும், புத்தளம் பாதையில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்தும், களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் அவிசாவளை, ஓமாகமைப் பக்கமிருந்தும் காலைதோறும் புறப்படும் மக்கள் வெள்ளம் மருதானையிலும் கோட்டையிலும் வந்து கொட்டுகின்றது. கொவிட் நோய்க்கு முந்திய ஆண்டுகளில் இந்நாட்டுப் புகையிரதங்களில் ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் பதிவாகின. அவற்றிலே பெரும்பங்கு இந்த நான்கு பாதைகளில் கந்தோருக்கும் பாடசாலைக்கும் போய்வருவோருடையது. வெள்ளவத்தை நிலையத்தில் காலை ஏழரை மணிக்கு ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அங்கே ஏறுகின்றவர்களில் எம்மவரும் பலர். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கோவையையும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைப் படியில் ஊன்றி வேலைக்குப் போகும் அந்த இளைஞனுக்கு இந்த அரசு கடன்பட்டிருக்கின்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில், கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. எமது தலைநகரிலோ இன்றுவரை ஒரு மைல் பாதைகூட மின்சாரமயமாகவில்லை. யப்பானிய உதவியோடு கோட்டைக்கும் மாலபேக்கும் இடையில் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டமும் 2020 இல் கைவிடப்பட்டது. ஆகவே கொழும்புக்குக் கொடுத்ததைப் பறித்து எமக்குத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. கொழும்புக்கே போதியது கொடுக்கப்படவில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் அந்தக் கூட்டம் எப்படி உண்டாயிற்று என்பதை ஆராய்தல் வேண்டும். களனிப் பள்ளத்தாக்குப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆட்களுக்காகப் போடப்பட்ட பாதையன்று. தேயிலைப் பெட்டிகளையும் இறப்பரையும் தோட்டங்களிலிருந்து இறக்குவதற்காக வெள்ளையர் போட்ட ஒடுங்கிய பாதை. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓபநாயக்கை நோக்கிச் சென்ற பகுதி 1970களில் மூடப்பட்டது. எஞ்சிய பகுதியும் நட்டக் கணக்கைக் காட்டி மூடப்பட்டிருந்தால் அன்று பலர் வியந்திருக்கமாட்டார்கள். நல்லகாலம், அது பிழைத்தது; 1990களில் அகலப் பாதையாகவும் மாற்றப்பட்டது. இன்று நுகேகொடையிலும் மகரகமையிலும் ஓமாகமையிலும் வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்கள் அப்பாதையை நம்பிச் சீவிக்கின்றனர். வளைவுகள் மிகுந்த அப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஊர்ந்தாலும் அது நாள்தோறும் வேலை நேரத்துக்கு வருகின்றது. வருமென்று தெரிந்ததால் மக்கள் அதன் ஓரத்தில் காணி வாங்கினார்கள், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தார்கள், பருவச்சீட்டு எடுத்தார்கள். வண்டி முதலில் வந்தது. கூட்டம் பிறகு வந்தது.

இனி எமது பாதைக்கு வருவோம். வடபகுதிப் புகையிரதம் என்றவுடன் யாவர் நினைவிலும் எழுவது கொழும்புப் பயணமே. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றிப் பேசாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயினும் இங்கே இருப்புப் பாதை பிறந்த வரலாறு வேறு. 1902 மார்ச் மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, ஏறத்தாழ 21 மைல் நீளத்தில், முதல் வண்டி ஓடிற்று. அதே ஆண்டில் பாதை பளைவரை நீண்டது. அன்று அப்பாதைக்குக் கொழும்போடு தொடர்பே கிடையாது. தென்பகுதியிலிருந்து வந்த பாதை காடுகளைக் கடந்து இதனோடு பொருந்தி, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நேரே வண்டி புறப்பட்டது 1905 ஆகஸ்டில்தான். அதாவது மூன்று ஆண்டுக்கு மேலாக, கொழும்பைக் காணாமலே, குடாநாட்டு மக்களுக்காக மாத்திரம் ஒரு புகையிரதம் ஓடியிருக்கின்றது. சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரிக்கும், கொடிகாமத்திலிருந்து பட்டணத்துக்கும் போகின்றவன்தான் வடபகுதிப் புகையிரதத்தின் முதற் பயணி. நூற்றிருபது ஆண்டு கழிந்தபின் அந்தப் பயணியைப் பார்த்துத்தான் “ஆளில்லை” என்கிறார்கள்.

1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன கதையை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவற்றைத் தம் கையால் சுமந்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். பாதை மீண்டும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவின் கடனுதவியில் புதுத் தண்டவாளம், புது நிலையங்கள், புது மேடைகள். இருபத்துநான்கு ஆண்டு வண்டியே காணாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அத்தலைமுறைக்குப் புகையிரதம் என்றால் கொழும்புக்குக் கலியாணத்துக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும் வாகனம் என்றே பழகிப்போயிற்று. குற்றம் அவர்களுடையதன்று. அட்டவணை கொழும்பிலிருந்து எழுதப்பட்டது. கொழும்பில் எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் தொடக்கமும் முடிவும். நடுவிலுள்ள சிற்றூர்களில் அந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்து போகும் என்பது தானாக அமைவது. விரைவு வண்டிகள் அங்கே நிற்பதுமில்லை.

தென்மராட்சியில் ஒரு சிறு நிலையத்தருகே, வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதுபற்றிக் கேட்டோம். கட்டின கயிற்றை இறுக்கியபடியே அவர் சொன்னார்: “அப்புக்காத்துத் தம்பி, கொழும்புக்குப் போறவைக்கு வண்டி இருக்கு. சாவகச்சேரிச் சந்தைக்குப் போறவனுக்கு என்ன இருக்கு? நான் கைகாட்டினால் அது நிக்குமே?” நாம் மறுமொழி சொல்ல முடியாமல் நின்றோம்.

இனி எண்ணிக்கை. புகையிரதப் பயணிகளைக் கணக்கிடும் முறை எந்த நாட்டிலும் பெரும்பாலும் ஒன்றே. நிலையத்தில் விற்ற சீட்டுகளைக் கூட்டுவர். பருவச்சீட்டு ஒன்றுக்கு மாதம் இத்தனை பயணம் என்று மதிப்பிட்டுச் சேர்ப்பர். ஏறியவனை இம்முறை எண்ணும். ஏற விரும்பியும் நேரம் பொருந்தாமையால் பஸ்ஸில் போனவனை எண்ணாது. இருட்டோடு எழுந்து மோட்டார்ச் சைக்கிளில் ஏ9 வீதியில் போகும் ஆசிரியையை எண்ணாது. கோட்டையில் இருவழிச் சீட்டு வாங்கி யாழ்ப்பாணம் வந்து திரும்புகின்றவன், சீட்டு விற்ற கணக்கில் இரு தடவையும் கோட்டைப் பயணியாகிவிடக் கூடும். இவ்வாறு திரட்டிய ஏட்டை முன்வைத்து “உங்கள் ஊரில் ஆளில்லை” என்றால், அதைச் சான்றாக எந்த நீதவான் ஏற்பார்?

இந்த வாதம் எமது சொந்தக் கற்பனை என்று யாரும் எண்ணவேண்டாம். எமது புகையிரதத்துக்குத் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே 1963 இல், புகையிரதச் சபையின் தலைவராயிருந்த கலாநிதி பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான மைல் பாதையையும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடும்படி அது கூறிற்று. அதற்கு ஆதாரமாயிருந்த பயணிகள் கணக்கு, 1961 ஏப்ரலில் ஒரேயொரு வாரத்தில் எடுக்கப்பட்டது. கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்கள் ஏப்ரல் மாதக் குளிரில் வெறிச்சோடிக் கிடக்காமல் வேறென்ன செய்யும்? அவ்வூர்களுக்கு வருகின்றவர்கள் தங்கள் நகரிலேயே இருவழிச் சீட்டு வாங்கியதால் ஊர் நிலையத்தின் வருமானமும் குறைவாகவே தோன்றிற்று. ஏடு சொன்னது, பாதைகள் மூடப்பட்டன. ஸ்கொத்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே எல்லைப்புற ஊர்களுக்குச் சென்ற பாதை 1969 சனவரியில் மூடப்பட்டது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 2015 செப்டெம்பரில், அதன் வடபாகத்தை ருவீட்பாங்க் என்னுமிடம் வரை புதிதாகக் கட்டித் திறந்தார்கள். முதலாண்டிலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள்! வல்லுநர்கள் கணித்ததைவிட அது மிக அதிகம். அந்தப் பத்து இலட்சமும் நாற்பத்தாறு ஆண்டு எங்கே ஒளிந்திருந்தன? கார்களிலும் பஸ்களிலும் இருந்தன, வீட்டிலும் இருந்தன. ஏட்டில் மாத்திரம் இல்லை.

இலண்டனுக்குப் போவானேன்? எமது கண்முன்னே ஒரு பரிசோதனை நடந்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். யாழ்ப்பாணத்தில் வீடும் கிளிநொச்சியில் வேலையுமாக இருந்த உத்தியோகத்தரும் ஆசிரியரும் செய்வதறியாது திகைத்தனர். அப்பொழுது, அந்த ஆண்டு யூலையில், காங்கேசன்துறையிலிருந்து முறிகண்டிவரை வேலை நேரத்துக்கு ஏற்ப ஒரு வண்டி விடப்பட்டது. ‘யாழ் ராணி’ என்று பெயரும் வைக்கப்பட்டது. எத்தனையோ ஆண்டு முடியாதென்று சொல்லப்பட்ட காரியம், பெற்றோல் தீர்ந்த சில வாரங்களில் முடிந்தது. தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, சாரதியும் இருந்தார், ஆட்களும் இருந்தார்கள். முன்பு இல்லாதிருந்தது என்ன? மேலிடத்தில் இருக்கவேண்டிய மனம். அந்த வண்டியை விட்டவர்களுக்கு நன்றி சொல்ல நாம் பின்நிற்கவில்லை. ஆனால் பஞ்சம் வந்தால்தான் வண்டி வரும் என்றிருந்தால், வண்டிக்காகப் பஞ்சத்தை வேண்டிக் கோவிலில் தேங்காய் உடைப்பதா?

சட்டம் பயின்ற காலத்தில் எமக்குப் புகட்டப்பட்ட ஒரு விதி நினைவுக்கு வருகின்றது: எவரும் தாம் செய்த பிழையின் பயனைத் தாமே அனுபவித்தல் ஆகாது. கடன்காரன் வரும் பாதையை வேலியடைத்தவன், “அவன் வந்து கேட்கவில்லையே” என்று வழக்காட முடியாது. வேலை நேரத்துக்கு வண்டி விடாதவர், வேலைக்குப் போகின்றவன் வண்டியில் ஏறவில்லையே என்பதும் அத்தகைய வழக்கே. ஆளில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, அதைச் சொல்லுகின்றவர் தலையில் உள்ளது. நிரூபிக்கும் வழியோ ஒன்றுதான்: வண்டியை விட்டுப் பார்த்தல்.

தூரம் அதிகம் என்று ஒரு தடை சொல்லப்படுவதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி அறுபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அவிசாவளையிலிருந்து கோட்டையும் ஏறத்தாழ அறுபதே, அளுத்கமையும் அவ்வளவே. அங்கே அது அன்றாடப் பயணம்; இங்கே அது நெடும்பயணமா? மேலும், எமது பாதை அண்மையிலே புதுப்பிக்கப்பட்டது, பெரும்பாலும் நேரானது, வளைவுகள் குறைந்தது. களனிப் பள்ளத்தாக்கில் ஊர்ந்து செல்லும் வேகத்தில் இங்கே செல்லவேண்டியதில்லை.

நியாயமான தடைகளும் உண்டு. அவற்றை மறைத்தல் முறையன்று. பாதை ஒற்றைப் பாதை. எதிரே வரும் கொழும்பு வண்டிக்கு வழிவிட, கடவைத் தண்டவாளம் உள்ள நிலையத்தில் உள்ளூர் வண்டி காத்துநிற்கவேண்டும். அதற்கேற்ப நேரத்தைத் திட்டமாக வகுத்தல் வேண்டும். ஒரு வண்டி பிந்தினால் மற்றதும் பிந்தும். வண்டித் தொகுதிகளும் சாரதிகளும் நாடு முழுவதும் பற்றாக்குறை என்பதையும் அறிவோம். எனினும், யாழ்ப்பாணத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவே ஓடும் ஒரு வண்டி மாகோவிலோ பொல்காவலையிலோ எந்தப் பாதையையும் அடைக்கப்போவதில்லை. 2023 ஆம் ஆண்டின் முற்பாதியில் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே பாதை திருத்தப்பட்டபோது கொழும்புக்கு நேரடி வண்டியே கிடையாது. அந்த மாதங்களில் வடக்கே கிடந்த நல்ல பாதை முழுவதும் உள்ளூர் மக்களுக்குத் தாராளமாகப் பயன்பட்டிருக்கலாம். அந்தக் காலத்துச் சீட்டுக் கணக்கையும் எடுத்து, வடக்கில் பயணிகள் குறைந்துவிட்டனர் என்று எவரேனும் எழுதியிருந்தால் நாம் வியப்படையமாட்டோம்.

இது வடக்குக்கு மாத்திரம் உரிய குறையுமன்று. மட்டக்களப்புப் பாதையில் ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் நகருக்கு வேலைக்கு வருகின்றவரின் நேரத்தை எண்ணி அட்டவணை எழுதியதாக நாம் அறியோம். மலையகத்திலோ கதை இன்னும் வேடிக்கை. எல்ல நோக்கிச் செல்லும் வண்டியின் முற்பதிவு இருக்கைகள் வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கே போதாதிருக்க, அற்றனிலும் தலவாக்கலையிலும் ஏறும் தோட்டத்துத் தாய் குழந்தையோடு கதவோரம் நிற்கிறாள். அவளும் ஏட்டில் ஒரு பயணிதான். அந்த வண்டியின் புகழைப் பரப்பும் படங்களில் மாத்திரம் அவள் இல்லை.

உள்ளூர் வண்டியால் யாருக்கு நன்மை என்று கேட்போருக்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளன. பாதை அதன் அயலால் போகின்றது. வன்னிப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் நாளாந்தம் குடாநாட்டிலிருந்து போகின்றனர் என்பதைக் கல்வி வலயங்கள் அறியும். அவர்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த வான்களில் காலை ஐந்தரைக்கே ஏறுகின்றனர். சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போகின்றது; எஞ்சிய நித்திரை வானில் போகின்றது. மறுபுறம், பரந்தனிலும் பளையிலும் உள்ள விவசாயிக்குப் பெரிய வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில். அவருக்கு வேண்டியது எதிர்த்திசை வண்டி. காலை எட்டு மணிக்குமுன் பட்டணம் சேரவேண்டும். இரவு அஞ்சல் வண்டி அவருடைய நேரத்துக்காக வருவதன்று. வழக்குத் தவணைக்குப் பிந்தி வந்து, பிடியாணை பிறப்பிக்கப்பட்டபின் மூச்சிரைக்க மன்றுக்குள் ஓடிவந்த கட்சிக்காரரை நாம் கண்டிருக்கின்றோம். அவர் சொன்ன காரணம் பஸ். நீதவான் இரக்கமுள்ளவர், பிடியாணையை மீளப்பெற்றார்.

சாமான் பெட்டியையும் மறத்தலாகாது. ஒரு காலத்தில் வடபகுதி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தெற்கே போனது புகையிரதத்தில். உள்ளூர் வண்டியில் ஒரு பெட்டியை விளைபொருளுக்கென்று ஒதுக்கி, சாவகச்சேரியிலும் சுன்னாகத்திலும் சந்தை நாட்களில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிறுத்தினால் போதும். அந்த வாழைக்குலைப் பெரியவர் கைகாட்டவேண்டியிராது.

எமது கோரிக்கை இதுவே. காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கேயும், கிளிநொச்சியிலிருந்து வடக்கேயும் ஒவ்வொரு வண்டி. இரண்டும் எட்டு மணிக்குமுன் சேரவேண்டும். எல்லா நிலையத்திலும் நிற்கவேண்டும். மாலை நாலரைக்குப் பின் திரும்பவேண்டும். அவசரகாலத்துச் சலுகையாகவன்றி, அச்சிட்ட அட்டவணையில் நிரந்தரமாக இடம்பெறவேண்டும். இரண்டு ஆண்டுக்கு நேரத்தை மாற்றாமல் ஓட்டவேண்டும். இன்று ஆறரை, நாளை ஏழேகால், நாளை மறுநாள் ஓடாது என்றால் எவனும் பருவச்சீட்டு எடுக்கமாட்டான். இரண்டு ஆண்டின் முடிவில் ஆட்களை எண்ணுங்கள். சீட்டுக் கட்டையை எண்ணாமல், மேடையிலே நின்று தலையை எண்ணுங்கள். அப்பொழுதும் ஆளில்லையாயின், இந்தப் பத்தியிலேயே அதை ஒப்புக்கொண்டு எழுதுவோம்.

அதற்கு முன் நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. ஆளிருக்கின்றது என்று மேடையில் முழங்கினாற் போதாது. ஏட்டுக்கு ஏட்டால் விடை கொடுக்கவேண்டும். ஆசிரியர் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், பல்கலைக்கழக மாணவரும், தனிப்பட்டவர்களும் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதி எமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள்: எந்த நிலையத்தில் ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும், வாரத்தில் எத்தனை நாள். தபாற்கார்டும் போதும். தை மாதம் முடியுமுன் அவற்றை நிலையவாரியாகப் பிரித்துக் கட்டி, அந்தத் தேநீர் தந்த உத்தியோகத்தரின் மேசையில் நாமே கொண்டுபோய் வைப்போம்.